பதினோராம் வரிக்காரர்

1

இந்தக் கதை ஒரு விளக்கக் கடிதமாகப் பிறந்தது. அரைப் பக்கம் போதும் என்று தலைவர் சொன்னார். "வெள்ள நினைவுச் சதுக்கத்தின் கல்லில் உயிரோடிருக்கும் ஒருவரின் பெயர் இடம்பெற்றது எவ்வாறு?" என்பது தலைப்பு. சதுக்கக் குழுவின் செயலாளர் என்ற முறையில் நான்தான் எழுத வேண்டும். உட்கார்ந்தேன். அரைப் பக்கத்தில் அந்த மனிதர் அடங்கவில்லை. அரைப் பக்கத்தில் அவருடைய எருமை மட்டும்தான் அடங்கியது. கடிதம் கெட்டு இப்படி ஆகிவிட்டது.

உங்களுக்கு இடம் தெரியாமல் இருக்கலாம். கல்முனையில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு மணல் சதுரம் இருக்கிறது. முன்பு அங்கே வண்டி மாடுகளை அவிழ்த்துக் கட்டுவார்கள். 1957 மார்கழி வெள்ளத்துக்குப் பிறகு, நான்கு பக்கமும் கம்பி அடித்து, உட்கார மூன்று சீமெந்து வாங்குகள் போட்டு, செவ்வந்தி நட்டு, நடுவில் ஒரு கல்லை நிறுத்தினோம். கல் என்று சொல்வது மரியாதைக்காக. அது சீமெந்துப் பலகை. அதில் பதினேழு பெயர்கள் இருக்கின்றன. பதினாறு பேர் இறந்தவர்கள். பதினோராவது வரியில் உள்ளவர் தினமும் பின்னேரம் வந்து, எதிர் வாங்கில் இருந்துகொண்டு கச்சான் கடலை உடைக்கிறார்.

வருகிற சனிக்கிழமை குழு கூடுகிறது. அந்த வரியை வெட்டி எடுப்பதா, விடுவதா என்று தீர்மானிக்கும். எடுத்தால் ஒரு வரி காலியாகும். காலியாகும் வரிக்கு என்னிடம் ஒரு பெயர் இருக்கிறது. என் மனைவியின் பெயர்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேடிக்கைக் கதை போலத் தொடங்கி ஏமாற்றிவிட்டான் என்று பிறகு யாரும் குறை சொல்லக் கூடாது. இது வேடிக்கைக் கதைதான். அந்த ஒரு விஷயத்தைத் தவிர.

2

தொடக்கம் (அ): "வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. நற்பிட்டிமுனை வயல்கள் கடலாயின. கடலோ

கடல் என்ன ஆனது என்று எனக்குத் தெரியவில்லை. அது கடலாகவே இருந்தது. விட்டுவிட்டேன்.

தொடக்கம் (ஆ): "நினைவு என்பது

இரண்டு சொற்களோடு நிறுத்திவிட்டேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கட்டுரையை இப்படித் தொடங்கினால் சிவப்பு மையால் கோடு போடுகிறவன் நான்.

தொடக்கம் (இ): "ஓர் எருமை தனியே வீடு திரும்பியது."

இது பிடித்திருக்கிறது. உண்மையும்கூட. இதையே வைத்துக்கொள்கிறேன்.

ஓர் எருமை தனியே வீடு திரும்பியது. வெள்ளம் வந்து நான்காம் நாள். கழுத்தில் அறுந்த கயிறு. அது கச்சிமுகம்மதுவின் எருமை. அவருக்கு ஐம்பது வயதிருக்கும். சவளக்கடைப் பக்கம் வயல் செய்கிறவர். பன்றி, யானை வராமல் பயிரைக் காவல் காக்க, றஸாக், முகம்மது தம்பி என்ற இருவரோடு போயிருந்தார். மூவருக்கும் ஒரே காவற்பரண். தண்ணீர் வந்து பரணை எடுத்துக்கொண்டு போயிற்று. வடிந்த பிறகு றஸாக்கையும் முகம்மது தம்பியையும் கண்டெடுத்தார்கள். கச்சிமுகம்மதுவைக் கண்டெடுக்கவில்லை. ஆனால் எருமை வந்துவிட்டது. எருமையே வந்த பிறகும் ஆள் வராவிட்டால் அதற்கு என்ன அர்த்தம்? அவர் எருமையை விட்டுப் பிரிகிற ஆள் அல்ல என்பது ஊருக்குத் தெரியும். ஊர் முடிவுக்கு வந்தது.*

* குழுவின் பதிவேட்டில் "சான்று" என்று ஒரு பத்தி உண்டு. பதினாறு பெயர்களுக்கு நேரே மரண விசாரணை நடத்தியவரின் பெயர் இருக்கிறது. பதினோராம் பெயருக்கு நேரே என் கையெழுத்தில் "எருமை" என்று இருக்கிறது.

3

குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தலைவர் அதாவுல்லா, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அவருக்குக் குழு என்றால் உயிர். சேறு காயும் முன்னே குழு போட்டுவிட்டார். ஜனவரி ஐந்தாந் திகதி முதற் கூட்டம். எல்லாரும் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தோம். ஓட்டு வியாபாரி அப்துல் ஹமீட் வந்தார். அவர் கூட்டங்களில் பேசமாட்டார். பேசினால் ஒரு வாக்கியம். மேசன் யாகோப்பு வந்தார். கல் வேலை அவருடையது. ஈரச் சீமெந்தில் ஆணி முனையால் எழுத்து இழுப்பதில் இந்தக் கரையில் அவருக்கு நிகரில்லை என்பது அவருடைய கருத்து. நான், நேசராசா, செயலாளர். பி.ஏ. படித்தவன் என்பதால் கேட்காமலே நியமித்துவிட்டார்கள்.

முதல் நாளே சிக்கல். வெள்ளம் வந்த அன்று தொண்ணூறு வயதில் சொந்தக் கட்டிலில் காலமான ஒரு மூதாட்டியின் பெயரையும் போட வேண்டும் என்று அவருடைய வீட்டார் கேட்டார்கள். கட்டிலைத் தண்ணீர் தொட்டதா என்று தலைவர் விசாரித்தார். ஒரு காலைத் தொட்டதாம். கட்டிலின் காலை. ஒரு வரையறை இல்லாவிட்டால் ஊர் முழுவதும் கல்லில் ஏறிவிடும் என்று தலைவர் பயந்தார். வரையறையை எழுதும்படி என்னிடம் சொன்னார். எழுதினேன்.

"வெள்ளநீரில் மூழ்கி உயிர்நீத்தோர் மாத்திரம்."

தலைவர் இரண்டு தரம் வாசித்தார். இப்படி ஒரு வாக்கியம் அமைந்துவிட்டால் பிறகு யாரும் நுழைய முடியாது என்று பாராட்டினார். மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போனேன். மனைவிக்கு அன்று இரண்டாம் நாள் காய்ச்சல். கிணற்றில் வெள்ளத் தண்ணீர் கலந்திருந்தது, நாங்கள் அதைக் காய்ச்சாமல்

[முடிக்கத் தேவையில்லை.]

என் வாக்கியத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். நல்லாயிருக்கு என்றாள். பதினான்காந் திகதி இறந்தாள். மூழ்கி அல்ல.

ஆகவே விதிப்படி அவளுக்குக் கல்லில் இடமில்லை. விதியை எழுதியவன் நான். கடைசியில் ஒரு வரி சேர்க்கவும் வழியில்லை. பலகையின் அடியில் மூன்றில் ஒரு பங்கில், திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், உதவியவர்கள், செயலாளர் என்று பெரிய எழுத்தில் எங்கள் பெயர்கள் இருக்கின்றன. என் பெயர் இருக்கிறது.

அவளுக்குச் சேமக்காலையில் கல்லறை இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. அங்கே அவளைத் தெரிந்தவர்கள் மட்டும்தான் போவார்கள். அதாவது, நான். சதுக்கத்தில் பஸ்ஸுக்கு நிற்கிற எல்லாரும் வேறு வேலையில்லாமல் பெயர்களை வாசிக்கிறார்கள். தெரியாத வாய்களும் அவளைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. காரணம் கேட்டால் அரைப் பக்கத்தில் சொல்ல முடியாது.

வேடிக்கைக்குத் திரும்புவோம்.

4

பாத்திரம் பற்றி ஒரு சந்தேகம். செத்தவர் திரும்பி வரும் கதையில் அவர் மெலிந்து, தாடி வளர்ந்து, கண் உள்ளே போய் வருவதுதான் முறை. வாசகர் நம்ப வேண்டுமே. கச்சிமுகம்மது காக்கா (மூத்த முஸ்லிம் ஆண்களை அண்ணன் என்ற பொருளில் அப்படித்தான் அழைப்போம்) கொழுத்து வந்தார். மூன்று மாத ஆஸ்பத்திரிச் சோறு. மெலிய வைத்து ஒரு பிரதி எழுதிப் பார்த்தேன். அவருடைய இடுப்புச் சாரமே அவருக்குப் பொருந்தவில்லை. கொழுத்தவராகவே விடுகிறேன்.

நடந்தது இதுதான். எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு மேட்டுப் பக்கம் ஓடியது. அவர் பின்னால் போனார். அவருக்குப் பின்னால் தண்ணீர் வந்தது. ஒரு பாறையில் ஏறினார், வழுக்கினார், கால் உடைந்தது. எருமை கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது. யாரோ அவரைத் தூக்கி, உள்நாட்டில் தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தார்கள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பக்கத்துக் கட்டில்காரர் ஒரு தபாலட்டை எழுதிப் போட்டுக் கொடுத்தார். சிங்களத்தில். அட்டை ஒழுங்காக வீடு வந்து சேர்ந்தது. வாசிக்க ஆளில்லை. அரசாங்கக் கடுதாசி, நெல் சம்பந்தமாக இருக்கும் என்று ஓலைக்கூரையில் செருகி வைத்தார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, கல் திறந்து ஐந்தாம் நாள், மூன்று மணி பஸ்ஸில் ஊன்றுகோலோடு வந்து இறங்கினார். கால் வலித்தது. புதிதாக ஒரு சீமெந்துப் பலகை நிற்பதைக் கண்டு, அதில் முதுகைச் சாய்த்து இளைப்பாறினார். தன் பெயரில்தான் சாய்ந்திருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது. யாகோப்பு தூரத்தில் நின்று, முகத்தைப் பார்க்காமல், செத்தவங்களுக்குக் கொஞ்சம் மரியாதை குடுங்க காக்கா என்று சத்தம் போட்டார். அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நகர்ந்தார்.

வீட்டுக்கு வந்தார். வீடு, எங்கள் பக்கத்து வழக்கப்படி, மனைவி ஸகியாவுடையது. ஸகியா இத்தா இருந்தாள். கணவன் மௌத்தானால், அதாவது இறந்தால், முஸ்லிம் பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருப்பாள். அந்நிய ஆண் உள்ளே போகக் கூடாது. படலையில் ஸகியாவின் ராத்தா, மூத்த சகோதரி, அஸீஸா காவல். குனிந்து முற்றம் கூட்டிக்கொண்டிருந்தவள், வருகிறவரின் சாரத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ஆம்புளையள் உள்ள வரப்படா. இத்தா வீடு."

"யாருட இத்தா?"

"கச்சிமுகம்மதுட."

மரணச் செய்தி கேட்டால் சொல்கிறபடி அவர் "இன்னாலில்லாஹ்" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் யோசித்தார்.

"ராத்தா, அது நான்தானே?"

அஸீஸா நிமிர்ந்தாள். முகத்தைப் பார்த்தாள். பிறகு பாதம் நிலத்தில் படுகிறதா என்று பார்த்தாள். ஒன்றுதான் பட்டது. மற்றது கட்டோடு தொங்கியது. அதனால் அவளால் உடனே ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

உள்ளிருந்து ஸகியா கேட்டாள்: "யாரு ராத்தா?"

"மச்சான்."

"எந்த மச்சான்?"

"மௌத்தாப் போன மச்சான்."

பிறகு திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ஸகியாவின் குரல் வந்தது.

"சாப்பிட்டாரா எண்டு கேளுங்க."

பள்ளிவாசல் லெவ்வை வந்து தீர்ப்புச் சொல்லும்வரை அவரை உள்ளே விட அஸீஸா சம்மதிக்கவில்லை. முற்றத்து முருங்கை மரத்தடியில் இருந்து, தன் இத்தா வீட்டுச் சோற்றைத் தானே சாப்பிட்டார். அஸர் தொழுகைக்குப் பிறகு லெவ்வை வந்தார். ஆளைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். புருஷன் உசிரோட சோறு தின்னுற வீட்டில இத்தா இல்ல, உள்ள போங்க என்றார்.

[செயலாளர் என்ற முறையில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஸகியா சாப்பாட்டைப் பற்றிக் கேட்டதாக எனக்கு யாரும் சொல்லவில்லை. சோறு வெளியே வந்தது என்று மட்டும்தான் அஸீஸா சொன்னாள். கேள்வியை நான் எழுதினேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து படலையைத் திறந்தால், முகத்தைப் பார்க்காமலே உள்ளிருந்து ஒரு குரல் முதலில் கேட்பது அதுதான் என்று நான் பழகியிருந்தேன். வேறு காரணமில்லை.]

5

பெயர் கல்லில் இருக்கிறது என்று மறுநாள் சொன்னார்கள். போய்ப் பார்த்தார். எது தன் பெயர் என்று தெரியவில்லை. மேலிருந்து பதினொன்று என்று யாகோப்பு எண்ணிக் காட்டினார். அன்று முதல் தினமும் வருகிறார்.

போகிற வருகிறவர்களை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, இரண்டே நாளில் பதினேழு பெயர்களையும் மனப்பாடம் செய்துவிட்டார். இப்போது அவரே பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறார். ஓதப் பள்ளியில் குர்ஆன் ஓதிப் பழகிய விரல், ஆகவே தமிழில் எழுதிய பெயர்களின் மேலும் வலமிருந்து இடமாகப் போகிறது. பிழை ஒன்றும் வருவதில்லை. பத்து, றஸாக். பதினொண்டு, நான். பன்னிரண்டு, முகம்மது தம்பி.

ஆலையடிவேம்பிலிருந்து சந்தைக்கு வந்த கனகேஸ்வரி என்ற பெண், "பதினொண்டு, நான்" என்பதைக் கேட்டுவிட்டு, அப்ப நீங்க ஆரு என்று கேட்டாராம். அதான் சொன்னனே, பதினொண்டு என்றாராம். கனகேஸ்வரி பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே ஊர் போய்ச் சேர்ந்தார். அவரை நான் கதையில் பெரிதாக வளர்க்கலாம் என்று நினைத்தேன். ஆனால் அவர் அதற்குப் பிறகு இந்தப் பக்கமே வரவில்லை.

எருமையும் வருகிறது. சான்றாளர் என்ற உரிமையில் செவ்வந்தியைத் தின்கிறது.

யாகோப்புக்கு வேறு கவலை. பதினோராம் வரிதான் அந்தப் பலகையிலேயே அழகாக விழுந்த வரியாம். சீமெந்து சரியான பதத்தில் இருந்ததாம். மற்ற எந்த வரியை வெட்டச் சொன்னாலும் வெட்டுவேன் என்று சொல்லித் திரிகிறார்.

6

சனிக்கிழமைக்கு ஒரு விண்ணப்பம் எழுதினேன்.

"ஐயா, பதினோராம் வரி அகற்றப்படும் பட்சத்தில்

"என் மனைவி வெள்ளநீரில் மூழ்கவில்லை எனினும், வெள்ளநீர் அவளுக்குள்

இரண்டாவதை வெட்டினேன். அழகாக இருந்தது. அதனால் வெட்டினேன்.

கடைசியில் மூன்று வரி நின்றது. நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கூட்டத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்னதாகவே சதுக்கத்துக்குப் போனேன். (இதைச் சனிக்கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். முதற் பகுதியில் இருந்த நான் அல்ல இப்போது எழுதுவது. எழுத்து மட்டும் அதே.)

காக்கா வாங்கில் தள்ளி இடம் விட்டார். கச்சான் தந்தார். உங்கள் வரியை வெட்டினால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று நேரே கேட்டேன்.

"வெட்டுறெண்டா வெட்டட்டும் மாஸ்டர். நான் உசிரோட இரிக்கன். எனக்கென்னத்துக்குக் கல்லு?"

நல்லது என்று நினைத்தேன். அவர் இரண்டு கொட்டை உடைத்தார்.

"ஆனா ஒண்டு. பரண்ல நாங்க மூணு பேரும் கிடக்கிற ஒழுங்கு இதுதான். றஸாக் அந்தப் பக்கம். முகம்மது தம்பி இந்தப் பக்கம். நடுவுல நான். நான் குறட்ட விடுவன். ரெண்டு பேரும் ரெண்டு பக்கத்தால இடிப்பானுகள். யாகோப்புக்கு இது தெரியா. தெரியாமத்தான் அப்படியே எழுதிரிக்காரு."

கல்லைப் பார்த்தேன். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. பட்டியலை வரிசைப்படுத்தியவன் நான். எனக்கும் தெரியாது.

"எருமை அறுத்துக்கு ஓடினாப்போல, ஆரு போற எண்டு கதைச்சம். மழையில ஆருக்கும் எழும்ப மனமில்ல. என்ட எருமைதானே, நான் போனன். அது றஸாக்குட எருமை எண்டா"

அவர் அதோடு நிறுத்திவிட்டார். அச்சுப் பிழை அல்ல. அந்த வாக்கியம் அங்கேதான் நின்றது. அவரும் இப்படி விடுகிறவர் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

சட்டைப் பையைக் காட்டி, அது என்ன கடுதாசி என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

"ஒண்டுமில்லாத கடுதாசிய ஆரு நாலா மடிச்சு வைக்கிற?"

சொன்னேன். காய்ச்சல், கிணறு, என் வாக்கியம், காலி வரி. நான்கு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எருமையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"புள்ளட பேரென்ன?"

மூன்று மாதமாக அவள் பெயரை யாரும் கேட்கவில்லை. உங்கட மனிசி என்பார்கள், அவ என்பார்கள், அது நடந்தது என்பார்கள். பெயரைச் சொன்னேன். மறுகா சொல்லுங்க என்றார். மறுபடியும் சொன்னேன். அவர் தன் வாயில் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். மற்றப் பெயர்களையும் இப்படித்தான் பாடமாக்கியிருப்பார்.

(உங்களுக்கு இன்னும் சொல்லவில்லை. தெரியும். கொஞ்சம் பொறுங்கள்.)

7

கூட்டம். சுருக்கமாக.

தலைவர் பிரச்சினையை இருபது நிமிடம் விளக்கினார். எல்லாருக்கும் முன்பே தெரிந்த பிரச்சினை. கச்சிமுகம்மது யன்னலுக்கு வெளியே நின்றார். தானும் கதைக்கலாமா என்று கேட்டார். கல்லில் பெயர் உள்ளவர்கள் கூட்டத்தில் பேசுவதற்கு விதிகளில் இடமில்லை என்று தலைவர் சொன்னார். நிற்கலாமா என்று கேட்டார். நிற்கலாம் என்றார்.

பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் "உயிருடன்" என்று சேர்க்கலாம் என்பது தலைவரின் முதல் யோசனை. வரியில் அதற்கு இடமில்லை என்றார் யாகோப்பு. இடமிருந்தாலும், அவர் மௌத்தாகும்போது மறுபடியும் தான்தான் வந்து அதை அழிக்க வேண்டும் என்றார். வரியைத் தற்காலிகமாக ஒரு துணியால் மூடலாம் என்பது இரண்டாவது யோசனை. துணியை எருமை தின்னும் என்று யன்னலிலிருந்து தகவல் வந்தது. தலைவர் அதைப் பேச்சாகக் கணக்கெடுக்கவில்லை.

அப்போது அப்துல் ஹமீட் தம் வாக்கியத்தைச் சொன்னார்.

"சும்மா விடுங்க. பொறுத்துப் பாத்தா அது தன்பாட்டுல சரியா வரும்."

எல்லாரும் யன்னலைப் பார்த்தோம். கச்சிமுகம்மது கொஞ்சம் யோசித்தார். பிறகு தலையாட்டினார்.

"அது ஞாயம்தான்."

தலைவர் என் பக்கம் திரும்பினார். வாக்கெடுப்புக்கு முன் செயலாளர் ஏதும் சமர்ப்பிக்க வேண்டுமா என்று கேட்டார். சட்டைப் பையில் கடுதாசி இருந்தது. மூன்று வரி. நான் எழுந்து வாசித்தால் அவர்கள் மறுக்கமாட்டார்கள். அன்று அந்த அறையில் என் முகத்தைப் பார்த்து மறுக்கக்கூடியவர் ஒருவருமில்லை. யன்னலுக்கு வெளியே காக்கா எந்தப் பக்கமும் பார்க்காமல் கச்சான் தோலை ஊதிக்கொண்டிருந்தார். நடுவில் கிடந்தவரை எழுப்பி அனுப்ப வேண்டும். ஒருதரம் எருமை எழுப்பிற்று. மறுபடியும் நானா?

இல்லை என்றேன்.

"செயலாளர் எதனையும் சமர்ப்பிக்கவில்லை" என்று குறிப்பேட்டில் எழுதினேன். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எருமையைச் சதுக்கத்துக்குள் அனுமதிப்பதில்லை என்று இன்னொரு தீர்மானமும் நிறைவேறியது. எருமை அதை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

8

முடிவுகள்.

முடிவு (அ): யாகோப்பு அழுதுகொண்டே பதினோராம் வரியை வெட்டி, புதுச் சீமெந்து பூசி, ஆணியை என் கையில் தருகிறார். நான் எழுதுகிறேன். சீமெந்து காய்கிறது. நடக்கவில்லை. நடந்திருந்தால் நான் எழுத்துப் பிழை விட்டிருப்பேன்.

முடிவு (ஆ): செயலாளர் எழுந்து தன் வரையறையைத் தானே திருத்துகிறார். "மாத்திரம்" என்ற சொல்லை எடுத்துவிடுகிறார். அதாவுல்லா கண்ணீரோடு அவரைத் தழுவுகிறார். இதை அரைப் பக்கம் எழுதினேன். ஒருவர் பிரேரித்து இன்னொருவர் ஆமோதிக்காமல் அதாவுல்லா யாரையும் தழுவியதில்லை. கிழித்துவிட்டேன்.

முடிவு (இ) திங்கட்கிழமை நடந்தது. பள்ளிக்கூடம் விட்டுச் சதுக்கத்துக்குள் போகாமல், எதிரே பஸ்ஸுக்கு நிற்பவர்களோடு நின்றேன். அக்கரைப்பற்றுக்குப் போகிற ஒரு குடும்பம் பஸ் வரும்வரை கல்லுக்கு அருகே போயிருந்தது. காக்கா அவர்களுக்கு வாசித்துக்கொண்டிருந்தார். விரல் வலமிருந்து இடமாகப் போயிற்று. அவருடைய குரல் வயலில் யானை விரட்டிய குரல். வீதியைத் தாண்டிக் கேட்டது.

"ஒம்பது, பக்கீர். பத்து, றஸாக்."

விரல் பதினோராம் வரிக்கு வந்தது. தன் பெயரின் மேல் நின்றது.

"பதினொண்டு, கிருபாமலர்."

விரல் இறங்கியது.

"பன்னிரண்டு, முகம்மது தம்பி."

அந்தக் குடும்பத்தில் படித்த பெண் ஒருத்தி இருந்தாள். அவள் குனிந்து பார்த்துவிட்டு, இதில் கச்சிமுகம்மது என்றல்லவா கிடக்கிறது என்றாள்.

"ஓம் புள்ள. அவர் வர இன்னும் நாளாகும். அதுவரைக்கும் அவ இரிக்கட்டும்."

பஸ் வந்தது. எல்லாரும் ஏறினார்கள். நானும் ஏறிவிட்டேன், எனக்குப் போக இடமில்லாத பஸ்ஸில். அடுத்த தரிப்பில் இறங்கி நடந்து வந்தேன்.

இதை முடிவு என்று எழுதி அடியில் கோடு போடலாம். போடவில்லை. கல்லில் எழுதியிருப்பது ஒன்று, வாசிக்கப்படுவது இன்னொன்று. இந்த நிலைமையைத் தலைவருக்கு அரைப் பக்கத்தில் விளக்க என்னால் முடியாது. உங்களிடம் விடுகிறேன். எப்போதாவது கல்முனையில் பஸ் மாற வேண்டி வந்தால், இறங்கி அந்தச் சதுக்கத்துக்குள் போங்கள். செவ்வந்தி இருக்காது. அதற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும். மேலிருந்து ஒவ்வொன்றாக வாசியுங்கள். பத்தாவது பெயர் முடிந்ததும் கொஞ்சம் நிறுத்துங்கள். பிறகு, கண்ணுக்கு முன்னால் இருப்பதைச் சொல்வீர்களோ, இங்கே கேட்டதைச் சொல்வீர்களோ, அதை நான் எழுதப் போவதில்லை. எதைச் சொன்னாலும் எதிர் வாங்கில் இருப்பவர் தலையாட்டுவார்.

எதுவானாலும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள். வீதிக்கு எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கும் கேட்க வேண்டும்.